கொழும்பு மாடிவீட்டில் லாப்ரடோர்: வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வீடு. ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள், கூடவே எழுபது தாண்டிய அம்மம்மா. பகலில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ரிட்ரீவர் நாய்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நிற்கிறார்கள். லாப்ரடோர் ரிட்ரீவரா, கோல்டன் ரிட்ரீவரா? இந்த வெக்கையைத் தாங்குமா? என்ன கொடுத்து வளர்ப்பது? குட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது?

வளர்க்கலாம். இரண்டில் லாப்ரடோர்தான் உங்களுக்குப் பொருத்தம். கோல்டனும் அருமையான நாய்தான். ஆனால் அதன் நீண்ட முடி கொழும்பின் ஈரக்காற்றில் முழுதாகக் காய நெடுநேரம் எடுக்கும். அடிமுடி சிக்குப்பட்டு, கீழே தோல் புழுங்கிப் புண்ணாகும். தினமும் சீவிவிட ஆள் இருந்தால் மட்டும் கோல்டனை யோசியுங்கள்.

வீடு சின்னது என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரிய வளவில் நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் லாப்ரடோரை விட, இரண்டு அறை வீட்டில் ஆட்களோடு இருந்து, காலையும் மாலையும் ஒழுங்காக வெளியே போய்வரும் லாப்ரடோர் நன்றாக இருக்கும். கொழும்பில் இந்த நாயின் சுகத்தைத் தீர்மானிப்பது வீட்டின் பரப்பளவு அல்ல, நாயின் எடை. வெயில் தாக்குவது, இடுப்பு மூட்டு தேய்வது, வயதானதும் படி ஏற முடியாமல் போவது எல்லாமே கொழுத்த நாயில் முந்தி வரும், கடுமையாகவும் வரும். அதனால்தான் கீழே சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்த நாய் எதற்காக உருவானது என்று தெரிந்தால், பிறகு அது செய்கிற பாதி வேலைக்குக் காரணம் தானாகப் புரியும். கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் தீவில் மீனவர்களோடு இருந்த செயின்ட் ஜோன்ஸ் நாய்தான் இதன் மூதாதை. குளிர்ந்த கடலில் குதித்து வலைக் கயிற்றை இழுத்து வருவதும், கொக்கியிலிருந்து நழுவிய மீனைப் பிடித்து வருவதும் அதன் வேலை. 19ஆம் நூற்றாண்டில் அவை கப்பலில் இங்கிலாந்துக்குப் போயின. மாம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ கோமகனும் அவற்றை வளர்த்து, சுடப்பட்ட பறவைகளை எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் இங்கிலாந்தின் கெனல் கிளப் லாப்ரடோரைத் தனி இனமாக ஏற்றது. இறுக்கமான வெளிமுடி, அடர்ந்த அடிமுடி, நனையாமல் காக்கும் எண்ணெய்ப் பசை, சவ்வோடு கூடிய விரல்கள், அடி தடித்த வால் எல்லாம் அந்தக் குளிர் நீருக்காக வந்தவை. கிடைத்ததையெல்லாம் வாயில் தூக்கும் பழக்கமும் அந்த வேலையால் வந்ததுதான். அதனால் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் குட்டியைக் குழப்படி என்று அடிப்பதில் பயனில்லை. அதன் வாய்க்கு வேறு வேலை கொடுக்க வேண்டும்.

வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ வரை இருக்கும். நிறம் மூன்றுதான்: கறுப்பு, மஞ்சள், சொக்லட். மஞ்சள் என்பது பால்வெள்ளையிலிருந்து செம்பழுப்பு வரை போகும். "சில்வர்", "சார்கோல்" என்று கூடுதல் விலை சொல்பவர்களிடம் மயங்க வேண்டாம். இனத் தரக்குறிப்பில் அப்படி நிறமே இல்லை. பிரிட்டனில் 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லாப்ரடோர்களின் இடைநிலை ஆயுள் 12 வருடம். சொக்லட் நிறத்தவை மட்டும் 10.7 வருடம். அவற்றில் காது, தோல் வியாதிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. நிறத்தைப் பார்த்து குட்டி தெரிவு செய்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

இனி சாப்பாடு. லாப்ரடோர் எப்போதும் பசியில் நிற்பதற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணமில்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடோருக்கு இந்தக் குறை உண்டு. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் செய்தி அவற்றுக்குச் சரியாகப் போவதில்லை. அதே குழு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தக் குறையுள்ள நாய்கள் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் கால்வாசி குறைவு. ஆக, பார்வையால் கெஞ்சுகிறதே என்று கொடுக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. 2002இல் வெளியான வாழ்நாள் ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடோர்களைச் சோடி சோடியாக வளர்த்தார்கள். ஒன்றுக்குக் கொடுத்த உணவில் 25 சதவீதத்தைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை 13 வருடமும் மற்றவை 11.2 வருடமும் வாழ்ந்தன. மூட்டு வியாதியும் மெலிந்த நாய்களுக்குப் பிந்தியே வந்தது. எந்த மருந்தும் விற்றமினும் தராத ஏறத்தாழ இரண்டு வருடத்தை அளவுக் கோப்பை தந்திருக்கிறது.

நாய் சரியான எடையில் இருக்கிறதா என்று பார்க்கத் தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் இடது கையை மேசையில் விரித்து வைத்து, வலது விரல்களால் புறங்கையைத் தடவிப் பாருங்கள். மெல்லிய தோலுக்குக் கீழே எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். நாயின் விலாவும் இப்படித்தான் தடவுப்பட வேண்டும். கையைப் பொத்தி மேலே உள்ள கணுக்களைத் தடவினால் வருகிற மாதிரி துருத்தி நின்றால் மெலிவு கூடிவிட்டது. உள்ளங்கையின் சதையைத் தடவுவதுபோல் மெத்தென்றிருந்தால் கொழுப்பு. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். இதை மாதம் ஒரு முறை செய்யுங்கள். தெருவில் காண்பவர்கள் "என்ன, நாய்க்குச் சாப்பாடு போடுறதில்லையா" என்று கேட்டால் உங்கள் லாப்ரடோர் பெரும்பாலும் சரியான எடையில்தான் இருக்கிறது.

அளவு: 30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, மாடிவீட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு 1,150 முதல் 1,400 கிலோகலோரி போதும். பொதியில் 100 கிராமுக்கு 350 கிலோகலோரி என்று போட்டிருந்தால் அது 330 முதல் 400 கிராம் உலர் உணவு. காலையும் மாலையும் இரண்டாகப் பிரியுங்கள். பொதியின் பின்பக்க அட்டவணை பல நேரம் கூடுதலாகத்தான் சொல்லும். அதிலிருந்து தொடங்கி, விலாவைத் தடவிப் பார்த்துக் குறையுங்கள். பயிற்சிக்குக் கொடுக்கும் தீனி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் ஒருவர் மட்டுமே கிண்ணம் நிரப்ப வேண்டும். பிள்ளை ஒரு மாரி பிஸ்கட், அம்மம்மா பாணில் பட்டர் பூசி ஒரு துண்டு, வேலைக்கு வருபவர் கொஞ்சம் சோறு என்று போனால், யாரும் அதிகம் கொடுக்கவில்லை, ஆனால் நாய் 40 கிலோ. காலையில் அன்றைய அளவை ஒரு டப்பாவில் நிறுத்து வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குட்டிக்கு "பெரிய இனக் குட்டிகளுக்கானது" என்று போட்ட உணவை 12 முதல் 15 மாதம் வரை கொடுங்கள். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. அந்த உணவில் கல்சியம் அளந்து சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலே கல்சியம் சிரப் ஊற்றினால் எலும்பும் மூட்டும் முறைதவறி வளரும். பெரிய இனக் குட்டியின் உடலால் மிஞ்சிய கல்சியத்தை ஒதுக்க முடியாது. நேர்மாறான தவறு, சோறும் அவித்த மீனும் மட்டும் கொடுத்து வளர்ப்பது. முள் நீக்கிய மீனிலும் இறைச்சியிலும் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. உடல் தேவையான கல்சியத்தை எலும்பிலிருந்தே உறிஞ்ச, கால் வளையும், சின்ன அடியிலும் எலும்பு முறியும். வீட்டுச் சமையல்தான் கொடுப்போம் என்றால் மிருக வைத்தியரிடம் எடைக்கேற்ற சேர்மானம் எழுதி வாங்குங்கள். மிஞ்சிய கறியைச் சோற்றில் பிசைவதை விட்டுவிடுங்கள். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். சொக்லட், முந்திரிகைப் பழம் (திராட்சை), அதன் வற்றல், சைலிற்றோல் என்ற இனிப்பூட்டி போட்ட சூயிங் கம் ஆகியவை கிட்டவே வரக் கூடாது. அவித்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மாங்கொட்டை இந்த இனத்துக்குத் தனி ஆபத்து. ருசிக்கு விழுங்கிவிடும், சிறுகுடலில் சிக்கும், சத்திரசிகிச்சைதான் வழி. பிள்ளைகளின் காலுறையும் அப்படித்தான். வாயில் எதையாவது கவ்வினால் துரத்தாதீர்கள். பறிபோகும் என்று விழுங்கிவிடும். ஒரு துண்டு தீனியைக் காட்டி, "விடு" என்று சொல்லி, மாற்றிக்கொள்ளுங்கள்.

வெக்கையை எடுத்துக்கொண்டால், கொழும்பில் 31 பாகை என்பதை விட அதோடு வரும் ஈரப்பதனே நாயைக் கொல்கிறது. நாய் மனிதரைப் போல் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுக் குழாயிலும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்குகிறது. காற்றே ஈரமாக இருந்தால் அது வேலை செய்யாது. அதனால் நடை காலை ஆறரைக்கு முன், மாலை ஆறரைக்குப் பின். ஏப்ரலில் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். தார் வீதியில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் பாதத்துக்கும் முடியாது. பந்து எறிந்து விளையாடும்போது பத்து நிமிடத்தில் நீங்களே நிறுத்துங்கள். லாப்ரடோர் தானாக நிறுத்தாது. முடியை மழித்துவிட்டால் குளிரும் என்ற எண்ணம் பிழை. தோல் வெயிலில் பொசுங்கும், முடி மறுபடி ஒழுங்காக முளைக்காமலும் போகலாம். ரப்பர் தூரிகையால் கிழமைக்கு மூன்று முறை அடிமுடியை வாரி எடுத்தால் போதும். வீடெங்கும் முடி கொட்டும், அதற்கு மருந்தில்லை.

மூச்சிரைப்பு அடங்காமல், முரசு (பல் ஈறு) செங்கல் சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. நாயின் வழமையான வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை; 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். அந்த இடத்திலேயே உடல் முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள், மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள். ஈரத் துவாயால் போர்த்திவிட வேண்டாம்; அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 39.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்தி, ஏசி போட்ட வாகனத்தில் வைத்தியரிடம் போங்கள். முதலில் குளிர்ப்பது, பிறகுதான் பயணம். காலி வீதி நெரிசலில் போய் நிற்கிற நேரத்தில்தான் நாய் சாகும்.

கடல் பக்கத்தில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு, ஆனால் வெள்ளவத்தையில் கரைக்குப் போக ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அங்கே கழுத்துப் பட்டியை விட நெஞ்சுப் பட்டியும் குறுகிய வாரும்தான் பாதுகாப்பு. உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோய், இறங்குமுன் குடிக்கக் கொடுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, காதின் உட்புறத்தைத் துடையுங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் ஈஸ்ட் பெருகும். மண்ணிறக் கசிவும் புளித்த வாடையும் வரும், நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். வைத்தியர் தரும் காது கழுவும் திரவத்தைக் கிழமைக்கு ஒரு முறை விட்டு, அடியைப் பிசைந்து, பஞ்சால் கண்ணுக்குத் தெரியும் பகுதியை மட்டும் துடையுங்கள். பஞ்சுக்குச்சி அழுக்கை உள்ளே தள்ளும். அடிக்கடி காது கெட்டால் ஒவ்வாமை இருக்கலாம். துளிமருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பலனில்லை. வெள்ளவத்தை வாய்க்காலில் மட்டும் ஒரு நாளும் இறங்க விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரலாம்.

உண்ணிக் காய்ச்சலை இலங்கையில் நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பபேசியா கிப்சோனி என்ற கிருமி உண்ணி மூலம் வந்து செங்குருதிக் கலங்களை அழிக்கும். லாப்ரடோர் ஒருவேளைச் சாப்பாட்டை வேண்டாம் என்றால் அதையே அபாய அறிவிப்பாக எடுங்கள். உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள்: வெளிறியிருந்தாலோ, மூத்திரம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கண்ணாடித் தகட்டுப் பரிசோதனையில் கிருமி தப்பிவிடலாம். அறிகுறி இருந்தால் பிசிஆர் பரிசோதனை கேளுங்கள். மாடிவீட்டுக்கு உண்ணி வராது என்று நினைக்க வேண்டாம். கபில நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கக் கூடியது; இரத்தம் குடித்து முடிந்ததும் இறங்கி, சுவர் வெடிப்பிலும் திரைச்சீலை மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிரவெக்டோ போன்ற மாத்திரை 12 கிழமைக்கு ஒன்று, நெக்ஸ்கார்ட் மாதத்துக்கு ஒன்று. எடைக்கேற்ற பொதியை வாங்குங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் பூசுவது நஞ்சு. மனிதருக்கான பனடோல், இபுப்ரோபனும் அப்படியே.

தடுப்பூசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு முறை, 16 கிழமை வரை போக வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான ஊசிகளும் அதில் அடங்கும். விசர்நாய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் ஊசியும் வருடா வருடம். விசர்நாய் ஊசியை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. நாயை மாநகர சபையில் பதிவதற்கும் அந்த அட்டை உதவும். ஊசி முடியும்வரை குட்டியைத் தெருவில் நடக்க விடாமல், கையில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டுங்கள். ரயில் சத்தம், முச்சக்கரவண்டி, குடை, தாடி வைத்தவர், பர்தா அணிந்தவர் எல்லாவற்றையும் 14 கிழமைக்குள் அமைதியாகக் கண்டுவிட்டால் பிறகு மிரளாது. பூச்சி மருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மூன்று மாதம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை. இங்குள்ள கொக்கிப்புழுக்களில் ஒன்றுக்கு அறிவியல் பெயரிலேயே சிலோன் உண்டு. அது மனிதக் குடலிலும் வாழும் என்பதால், ஐந்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இதைத் தவறவிட வேண்டாம்.

உங்கள் வீட்டில் உடனே மாற்ற வேண்டியது தரை. பளிங்கு ஓட்டில் குட்டியின் பின்னங்கால்கள் அகன்று சறுக்கிக்கொண்டே இருந்தால் இடுப்பு மூட்டு கெடும். குட்டி ஓடும் பாதையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். நோர்வேயில் நடந்த ஆய்வொன்றில், மூன்று மாதத்துக்கு முன் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்புக் குறைபாடு அதிகம் வந்தது. அந்த வயது தாண்டும்வரை தூக்கிக்கொண்டு போங்கள். மூத்திரம் பழக்க, தூங்கி எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடியதும், இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்பது இங்கேதான் இடிக்கிறது. முதல் மூன்று மாதம் பகலில் வந்து பார்க்க உறுதியான ஓர் ஆள் இல்லாவிட்டால் குட்டி வாங்காதீர்கள். அம்மம்மாவிடம் அந்தப் பொறுப்பை விட முடியாது. 25 கிலோ நாய் ஒருமுறை பாய்ந்தால் அவருக்கு இடுப்பெலும்பு போய்விடும். பாயும்போதெல்லாம் எல்லோரும் முகத்தைத் திருப்பி நிற்க வேண்டும், நான்கு காலும் தரையில் பட்டதும்தான் தடவ வேண்டும். ஒருவர் மட்டும் பாயவிட்டால் பழக்கம் பிடிபடாது.

கட்டட முகாமைத்துவச் சபையிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி ஒப்புதல் நிர்வாகம் மாறினால் செல்லாது. மின்தூக்கியில் முஸ்லிம் அயலவர் நின்றால் அடுத்ததற்குக் காத்திருங்கள். நாயின் எச்சில் உடையில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு உண்மையான சிரமம்.

குட்டி எடுப்பதானால் எட்டுக் கிழமைக்கு முன் எடுக்காதீர்கள். தாய் நாயை அது இருக்கும் இடத்திலேயே பாருங்கள். கெனல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்காவின் பதிவுத்தாள் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே படங்களைக் கேளுங்கள். கண் பார்வையைப் படிப்படியாக அழிக்கும் பிஆர்ஏ, ஓடும்போது பின்னங்கால் சோர்ந்து விழும் ஈஐசி இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை உண்டு. இவற்றைக் கேட்டதும் கோபப்படும் விற்பனையாளரை விட்டு நகருங்கள். கருத்தடை பற்றி: கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுகளின்படி, சீக்கிரம் செய்த லாப்ரடோர்களில் மூட்டு வியாதி கூடுகிறது. ஆணுக்கு ஆறு மாதமும் பெண்ணுக்கு ஏறத்தாழ ஒரு வருடமும் முடியட்டும்.

உங்கள் நேரக் கணக்கைப் பார்க்கும்போது என் ஆலோசனை குட்டியே அல்ல, மூன்று நான்கு வயது லாப்ரடோர். வெளிநாட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் வளர்ந்த நாயைக் கொடுத்துவிட்டுப் போவது கொழும்பில் வழமையாகிவிட்டது. மூத்திரம் பழகியிருக்கும், கடித்துக் குதறும் பருவம் முடிந்திருக்கும், குணம் கண்ணுக்குத் தெரியும். எடுக்குமுன் ஊசி அட்டையைப் பாருங்கள், எடையை நிறுத்துப் பாருங்கள், படுத்த நிலையிலிருந்து எழும்பும்போது பின்னங்கால் இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு முறை போய், ஒரு தடவை அது சாப்பிடும் நேரத்தில் நில்லுங்கள். கிண்ணத்துக்குப் பக்கத்தில் யாராவது நடந்தால் விறைத்து உறுமுகிற நாய் ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். கொண்டுவந்த முதல் கிழமையிலேயே பபேசியாவுக்கு இரத்தம் சோதித்து, பழைய வீட்டில் சாப்பிட்ட உணவையே ஏழு நாள் கொடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.